கொடியில் போட்ட புத்தகம்

வேம்பனேந்தலில் ஒரு பதிப்பகம் இருந்தது. பழைய உரக்கடையின் பின்பாதிதான் அதன் அலுவலகம். உள்ளே நுழைந்தால் புத்தக வாசனைக்கு முன்னால் யூரியா வாசனை வந்து நிற்கும்.

அதை நடத்தியவள் அங்கயற்கண்ணி. நாற்பது வயதுக்காரி. ஜோசியம், சமையல், சினிமா என்று விற்கிற சரக்கு எதையும் தொடமாட்டாள். அந்த வட்டாரத்துக் கண்மாய்கள், கோயில்கள், சந்தைகள், அங்கே வாழ்ந்து பேர் எடுத்த மனிதர்கள், இவற்றைப் பற்றி மட்டும்தான் புத்தகம் போடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று ஊர் சொன்னது. அவளும் மறுத்ததில்லை.

அவளிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தவர் பூமிநாதன். இங்கேதான் வேடிக்கை. பூமிநாதன் அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கயற்கண்ணி ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் படித்தவள். பானிபட் போர்களைக் குழப்பி எழுதியதற்காக அவர் கையால் குட்டும் வாங்கியிருக்கிறாள். இப்போது அவள் நாற்காலியில் இருக்க, அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து புத்தகம் போடுவது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தார். குருவைக் 'கயல்' என்று பேர் சொல்லிக் கூப்பிடும் சீடரும், சீடரை 'சார்' என்று கூப்பிடும் குருவும் வேறு எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர் வந்ததற்கு ஒரே காரணம்தான். தாத்தா வீரபத்திரரின் பெயர் ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். தான் கண்ணை மூடுவதற்குள் அது நடக்க வேண்டும்.

கயலின் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கொடியில் தொங்க வேண்டும். அச்சுக்கு முந்தைய தாள்களைத் துணி காயப்போடுவதுபோல வரிசையாகக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவாள். சந்தை வாசல், நூலகம், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை, இப்படி ஜனம் கூடுகிற இடமாகப் பார்த்துக் கட்டுவாள். பக்கத்தில் நூலில் கட்டிய சிவப்புப் பேனா ஒன்று ஆடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. புத்தகம் வந்தபிறகு திறக்கிற வாய் முன்னாலேயே திறக்கட்டும் என்பது அவள் கணக்கு.

வந்த புதிதில் பூமிநாதன் கேட்டார்.

"கயல், இவர் பேர் எடுத்தவர், இவர் எடுக்காதவர்னு யாரும்மா முடிவு பண்றது?"

மறுநாள் அரிசி மில்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். தன் அப்பாவைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியே கொண்டுவந்திருந்தார். தலைப்பு, 'ஏழை பங்காளர்'. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால், காக்கைக் குஞ்சுக்குத் தன் அப்பன் பொன்னாக இருப்பதில் தப்பில்லை. அடுத்து வரும் புத்தகத்தில் இதைச் சேர்த்தால் முழுப் பதிப்பையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

கயல் முடியாது என்று சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை அச்சுத்தாளாக எடுத்தாள். இரண்டு கிளிப்போடு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"சந்தை வாசல்ல கொடி கட்டியிருக்கு. நீங்களே போய்ப் போட்டுட்டு வாங்க. அடுத்த சந்தை வரைக்கும் தொங்கட்டும்."

அவர் சந்தோஷமாகப் போய் மாட்டினார். அன்று மாலையே அவரே வந்து கழற்றிக்கொண்டும் போனார். தாளில் எழுத்தைவிடச் சிவப்புதான் அதிகமாக இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அடியில் யாரோ, 'மில் தராசையும் படம் எடுத்துப் போடவும்' என்று எழுதியிருந்தார்களாம்.

"யார் முடிவு பண்றதுன்னு கேட்டீங்களே சார்," என்றாள் கயல்.

பூமிநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது சிரிப்பு வந்தது.

பிறகு அவர் எழுத உட்கார்ந்தார். 'வேம்பனேந்தல்: ஊரும் மனிதர்களும்' என்று பெயர் வைத்தார். சந்தை எப்படி வந்தது, கோயில் மண்டபத்தை யார் கட்டியது, பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர், ராஜபார்ட் வேஷம் கட்டிய நாடகக்காரர், முதல் பஸ் ஓட்டியவர், எல்லாரையும் தேடிப் பிடித்தார். வெயிலில் அலைந்து கறுத்தார். வாத்தியாராக இருந்தபோது புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது புத்தகத்தில் இல்லாததைக் கேட்டு எழுதினார். அதில் அவருக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

முதல் அத்தியாயம் தாத்தாவுக்கு.

அந்தக் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. பெரிய கண்மாய் நிரம்பித் தளும்பியது. மிகைநீர் போகும் கலுங்கு வழியாக வழிந்தும் தண்ணீர் அடங்கவில்லை. கரை ஊர்ப்பக்கம் உடைந்தால் வேம்பனேந்தலே இருக்காது. மடையைக் காக்கும் பொறுப்பில் இருந்த வீரபத்திரர் மண்வெட்டியோடு தனியாளாகப் போய்க் கரையின் தென்கோடியை வெட்டிவிட்டார். தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது. ஊர் பிழைத்தது. அன்று முதல் அவர் ஊர்காத்த வீரபத்திரர். அவர் வெட்டிய இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் ஐப்பசியில் அங்கே பொங்கல் வைத்து, அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளையின் தலையில் முதல் பரிவட்டம் கட்டுவார்கள். இப்போது கட்டிக்கொள்வது பூமிநாதன்தான்.

அத்தியாயத்தை அவர் இப்படி முடித்திருந்தார்: 'வெள்ளம் ஆளில்லாத பொட்டலில் பாய்ந்து வடிந்தது. ஒரு மனிதரின் மண்வெட்டி ஓர் ஊரைக் காத்தது.'

தாள்கள் கொடியில் ஏறின. சந்தை வாசலில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, தேநீர்க் கடையில் ஒன்று. சிவப்பு நன்றாகவே விழுந்தது. ஜல்லிக்கட்டுக் காளையின் பெயர் மருது இல்லை, செவலை என்று ஒருவர் திருத்தியிருந்தார். நாடகக்காரர் செத்தது தைமாதம் இல்லை, மாசி, பாடை கட்டியவன் நான் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தாத்தாவின் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை. ஓரத்தில் யாரோ 'அருமை' என்று எழுதியிருந்தார்கள்.

பூமிநாதன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு பள்ளிப் பையன் மார்க்கு அட்டையைக் காட்ட ஓடுவதுபோலப் பதிப்பகத்துக்கு வந்தார்.

"பாத்தியா கயல். தாத்தா அத்தியாயத்துல ஒரு பிழைகூடக் கிடையாது."

கயல் தாள்களைப் புரட்டினாள்.

"கொடி எங்கெல்லாம் கட்டுனீங்க சார்?"

சொன்னார்.

"கீழேந்தல்ல?"

"கீழேந்தல்லயா?" அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "அந்த ஊர்க்காரங்க யாரும் இந்தப் புத்தகத்துல வரலையேம்மா."

"அப்ப அங்கதான் கட்டணும்," என்று எழுந்து கயிற்றுச் சுருளை எடுத்தாள்.

கீழேந்தல் வேம்பனேந்தலுக்குத் தெற்கே இருக்கிறது. தார்ச்சாலை கண்மாயைச் சுற்றிக்கொண்டு, ரயில் கேட்டைத் தாண்டி, நெடுநேரம் போகும். கயல் ஸ்கூட்டரை ஓட்ட, பூமிநாதன் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். பொங்கலுக்கும் சரி, தேர்தல் வேலைக்கும் சரி, அந்த ஊருக்குள் அவர் கால் வைத்ததில்லை. பகை எதுவும் கிடையாது. போக ஒரு வேலை வந்ததில்லை, அவ்வளவுதான்.

ரேஷன் கடைத் தூணுக்கும் தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் நடுவே கயிறு கட்டித் தாள்களைத் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் முதலில் வந்தார்கள். பிறகு பெரியவர்கள் வந்தார்கள். கடைசியாக, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு அம்மாள் வந்தார். அன்னமயில் என்று பெயர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'.

அவர் நின்று நிதானமாக முதல் அத்தியாயத்தைப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'ஆளில்லாத பொட்டல்' என்ற இரண்டு சொற்களுக்கும் அடியில் கோடு போட்டார். ஒன்றும் எழுதவில்லை. பேனாவை விட்டுவிட்டு நகர்ந்தார்.

பூமிநாதன் பின்னாலேயே போனார்.

"சிஸ்டர், அதுல என்ன பிழை?"

"நீங்க யாரு சார்?"

"நான்தான் எழுதுனேன். வீரபத்திரர் எங்க தாத்தா."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க. பொட்டல்னு போட்டிருக்கீக. அந்தப் பொட்டல்லதான் இப்ப உக்காந்திருக்கீக."

பூமிநாதன் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இங்கன ஊரு இருந்துச்சு சார். மண்ணு வீடு, ஓலக்கூரை. எல்லாரும் உள்ள படுத்திருந்தாக. மழைக்கு வேற எங்க போவாக. தண்ணி வந்துச்சு. நீச்சல் தெரிஞ்சவுக பனை மரத்தப் பிடிச்சு ஏறிக்கிட்டாக. மத்தவுக போயிட்டாக."

"எத்தனை பேரு?"

"நாலஞ்சு வீடு அப்படியே இல்லாமப் போச்சுன்னு எங்கய்யா சொல்லுவாக."

பூமிநாதனை வாத்தியார் புத்தி விடவில்லை.

"இதுக்கு ஆதாரம்... யாராவது எழுதி வச்சிருக்காங்களா? பேரெல்லாம்?"

"எழுதத் தெரிஞ்சவுக யாரு சார் அப்ப. பிள்ளைகளுக்கு வச்சிட்டோம்."

"என்னது?"

அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ சடையா, இங்கிட்டு வா." மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பரப்பிப் போட்டிருந்த இளைஞன் ஒருவன் கிரீஸ் கையோடு வந்து நின்றான். "இவன் சடையன். அப்ப போன சடையனோட தம்பி வழி." எதிர்வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார். "அவ காத்தாயி. காலேஜுல காவ்யான்னு சொல்லிக்கிடுவா போல. அது அவ சௌகரியம். இங்கன அவ காத்தாயிதான். ஆளே மிஞ்சாத வீட்டுப் பேர அக்கம்பக்கத்து வீடு எடுத்துக்கிடும். தலைமுறைக்கு ஒரு பிள்ளைக்காச்சும் வச்சிரணும். விட்டுப்போனா ஊர்ல கேப்பாக."

"நீங்க?"

"நான் ரெண்டாவது அன்னமயில்," என்றார் அவர். "மொதல்ல இருந்தவ எங்கய்யாவோட அக்கா. பத்து வயசுப் பிள்ள."

"தாத்தா தெரிஞ்சு வெட்டினாரா?" அந்தக் கேள்வி பூமிநாதனின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "இங்க ஆள் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"அது உங்க வீட்டுல கேக்க வேண்டியது சார். எங்களுக்குத் தண்ணி வந்தது மட்டுந்தான் தெரியும்."

திரும்பி வரும்போது ரயில் கேட் மூடியிருந்தது. ரயில் போய் முடிந்து கேட் திறந்தும் கயல் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடலாம்மா," என்றார். "தாத்தாவே புத்தகத்துல வேண்டாம். காளை இருக்கட்டும், நாடகக்காரர் இருக்கட்டும். இது மட்டும் வேண்டாம்."

"எடுக்கலாம் சார். உங்க எழுத்து, உங்க உரிமை. மில்காரர் எடுத்தாரே."

அது சுரீர் என்று பட்டது. அன்று மில்காரரைப் பார்த்து எப்படிச் சிரித்தோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்திலிருந்துதான் ஒரு பிடிவாதமும் பிறந்தது. மில்காரரின் வரிசையில் போய் நிற்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

"வண்டியை எடு," என்றார். "எழுதத்தான் போறேன்."

வீட்டில் அவருடைய அக்கா கண்ணாத்தாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த வீட்டின் மூத்தவர். பூமிநாதன் எதிரே உட்கார்ந்து கேட்டதையெல்லாம் சொன்னார். பாதி கேட்கும்போதே அக்காவின் கை நின்றுவிட்டது.

"ஒனக்கு இப்பத்தான் தெரியுமா?"

பூமிநாதன் அவரையே பார்த்தார்.

"அப்பா சாகுறதுக்கு முன்ன எங்கிட்டச் சொன்னாக. தாத்தாவுக்கு ஆளிருக்குன்னு தெரியும். வேற வழி இல்லன்னு வெட்டிட்டாக. அந்தப் பரிவட்டத்த அவுக ஒருதடவகூடத் தலையில வாங்கல. அப்பாதான் தலைய நீட்டுனாக. ஐப்பசியில தாத்தா வெளிய வரவே மாட்டாகளாம்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ வாத்தியாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிருவேன்னுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை மூன்று தலைமுறையாகப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்களில் பூமிநாதனும் ஒருவர். அவருக்கு அழுகை வந்தது. அக்காவின் முன்னால் அழுதார்.

"இதப் புத்தகத்துல போட்டா மொதல் மரியாதை போயிரும்," என்றார் கண்ணாத்தாள். "போனாத் திரும்பாது. நம்ம வீட்டுப் பிள்ளைக ஊருக்குள்ள எந்த முகத்த வச்சுக்கிட்டு நடக்கும்?"

"சடையன் எந்த முகத்தோடக்கா நடக்குறான்?"

அன்றிலிருந்து அக்காவின் பேச்சு நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்தது.

பூமிநாதன் விடவில்லை. தினமும் ரயில் கேட்டைத் தாண்டிக் கீழேந்தலுக்குப் போனார். அன்னமயில் சிஸ்டர் வீடு வீடாகக் கூட்டிப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயரைச் சுமப்பவர் இருந்தார். ஒரு வீட்டில் கைக்குழந்தை. ஒரு வீட்டில் ராணுவத்தில் இருப்பவன், அவன் அம்மா தொலைபேசியில் அவனையே பேசவைத்தார். முதலில் முகம் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். ஒரு பெரியவர் வாசலில் நிற்கவைத்தே கேட்டார்.

"இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு வாரீக?"

"தப்பா எழுதிட்டேன். சரியா எழுத வந்திருக்கேன்."

பெரியவர் அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு, "சின்னப்பொண்ணு. எங்க பெரியாத்தா. எழுதிக்கங்க," என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சேதி வேம்பனேந்தலுக்கு எட்டாமல் இருக்குமா. கோயில் கமிட்டிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். குரல் உயர்ந்தது. ஊர்காத்தவரை ஊர்காத்தவரின் பேரனே கவிழ்க்கலாமா என்று கேட்டார்கள். எதுவந்தாலும் எழுதுவேன் என்று பூமிநாதன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அப்போது உள்ளே இருந்து வந்தவர் கண்ணாத்தாள்தான்.

"அவன் போடட்டும்," என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "தாத்தா அத்தியாயம் இருக்குறபடியே மொதல்ல இருக்கட்டும். அந்தப் பொட்டல்ங்குற சொல்ல மட்டும் எடுத்துரு. கீழேந்தல் கதையத் தனியாக் கடைசியில போடு. எவன் கடைசி வரைக்கும் படிக்கப் போறான். பாதியிலேயே தூங்கிருவான்."

கமிட்டிக்காரர்கள் யோசித்தார்கள். கடைசியில் என்றால் சரி என்றார்கள். மரியாதையும் நிற்கும், வெளியீட்டுக்குக் கோயில் மண்டபமும் தருவோம் என்றார்கள். பூமிநாதனும் யோசித்தார். ஒரு பெயரும் விடுபடாது. ஒரு சொல்லும் பொய்யில்லை. ஊரும் உடையாது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு அக்கா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொள்ளச் சொன்னார்.

புதிய அத்தியாயத்துக்கு 'கீழேந்தல் நினைவுகள்' என்று பெயர் வைத்தார். எல்லாப் பெயர்களையும் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இப்போது அதைச் சுமப்பவரையும் எழுதினார். முடித்தபோது, இவ்வளவு நேர்மையாக இந்த வட்டாரத்தில் எவனும் எழுதியதில்லை என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கயல் முழுப் புத்தகத்தையும் படித்தாள். பூமிநாதன் முக்காலியில் காத்திருந்தார். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"கடைசி அத்தியாயம் நல்லா வந்திருக்கு சார்."

"வரிசை சரிதானே?"

கயல் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"கண்மாய்க்கரை வரைக்கும் போயிட்டு வருவோமா சார்?"

வெயில் தாழ்ந்திருந்தது. கரை மேலேயே நடந்து தென்கோடிக்குப் போனார்கள். கல் இருந்தது. போன ஐப்பசியில் பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் கிடந்தது.

"இங்கதானே வெட்டினாரு?" என்றாள் கயல்.

"இங்கதான்."

"இந்தப் பக்கமா இறங்கலாம் சார்."

அவள் தெற்குச் சரிவில் கால் வைத்தாள். பூமிநாதன் ஒரு நிமிஷம் தயங்கினார். வருஷா வருஷம் இந்தக் கல்லுக்கு வந்திருக்கிறார். பொங்கல் முடிந்து, பரிவட்டத்தோடு, மேளத்தோடு, வந்த வழியே ஊருக்குத் திரும்பியிருக்கிறார். இந்தப் பக்கம் இறங்கியதே இல்லை. ஒற்றையடிப் பாதை ஒன்று கருவேலங்களுக்கு நடுவில் இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்.

"ஏன் அப்படி வரிசை வச்சேன்னா," என்று ஆரம்பித்தார். கேட்காமலே விளக்கம் சொல்லும் பழக்கம் அவருக்கு வகுப்பறையிலிருந்து வந்தது. "மொதல் அத்தியாயம் தாத்தா. ஊர் பிழைச்சதும் நிஜந்தானேம்மா. அவர் வெட்டலைன்னா நான் ஏது, நீ ஏது. அப்புறம் சந்தை. அப்புறம் கோயில் மண்டபம். அதுக்குப் பின்னாடி பள்ளிக்கூடம். ஊர் வளர்ந்த கதை ஒரு ஓட்டமா வந்துடுது. இடையில அதை உடைக்க வேண்டாம்னு பார்த்தேன்."

கயல் ஒரு முள்கிளையை விலக்கி அவருக்கு வழிவிட்டாள்.

"அதுக்கு அடுத்து காளை, பஸ்ஸு. பஸ் வந்த கதையில எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்ச பிறகு நாடகக்காரர். அவரு கடைசிக் காலத்துல சோத்துக்குத் திண்டாடினாரு பாரு, அதுல மனசு இளகும். இளகின மனசோட கீழேந்தலுக்கு வந்தா..."

"என்ன சார், ரெண்டு பேருமாக் காட்டு வழியா வாரீக?"

பூமிநாதன் நிமிர்ந்தார். அன்னமயில் சிஸ்டர் தன் வீட்டுக் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ரேஷன் கடையும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. பூமிநாதன் திரும்பிப் பார்த்தார். கரையும், அதன்மேல் கல்லும் தலைக்கு மேலே நின்றன. கல்லில் காய்ந்திருந்த சந்தனம்கூட அங்கிருந்தே தெரிந்தது. அவருக்கு மூச்சுக்கூட இன்னும் வாங்கவில்லை.

கயல் குனிந்து செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிப் போட்டாள்.

"நாம வந்துட்டோம் சார்," என்றாள். "உங்க புத்தகத்துலதான் இன்னும் நூறு பக்கம் இருக்கு."